துணியின் பின்பக்கம்

எங்கள் தையல் டீச்சருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கைக்குட்டையில் பூப்போட்டு எடுத்துக்கொண்டுபோய் நீட்டினால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். வாங்கியதும் துணியைத் திருப்பிவிடுவார். நூலை எங்கே முடிச்சிட்டிருக்கிறோம், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு வெட்டாமல் சோம்பேறித்தனமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறோமா, காம்புத் தையல் அடியிலும் சீராக வருகிறதா என்று பார்ப்பார். மதிப்பெண் அதற்குத்தான். "மேல எல்லாரும்தான் பூ போடுவீங்க. அடியிலதான்டி கை தெரியும்" என்பார். எட்டாம் வகுப்பில் எனக்கு அது அநியாயமாகப் பட்டது. காட்டுவதற்காகப் போட்ட பூவை விட்டுவிட்டு, மறைப்பதற்கென்று இருக்கும் பக்கத்தைப் பார்ப்பது என்ன நியாயம்?

நாற்பது வருஷம் கழித்து, ஆஸ்திரேலியத் தலைநகர் கன்பெராவில் உள்ள போர் நினைவகம் பாதுகாத்துவரும் இரண்டு போர்வைகளின் படங்களைப் பார்த்தேன். சதுரம் சதுரமாக வெள்ளைத் துணி. ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பூவேலை. சதுரங்களைச் சேர்த்துச் சிவப்புத் துணியால் ஓரம் கட்டியிருக்கிறார்கள். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். முன்பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்திருப்பேன். அதற்குள் மனசு டீச்சரின் கையைப் போல அவற்றைத் திருப்பத் தேடியது. நல்லவேளை, பின்பக்கத்தையும் படம்பிடித்திருந்தார்கள்.

ஒரு போர்வையின் பின்பக்கத்தில் எழுத்துகளைத் தைத்திருக்கிறார்கள். சாங்கி தடுப்பு முகாமின் பெண்கள், காயம்பட்ட ஆஸ்திரேலியப் படைவீரர்களுக்கு, அவர்களுடைய துன்பத்தில் அனுதாபத்தோடு அளிப்பது என்கிறது வாசகம். ஆண்டு 2602 என்று இருக்கிறது. அது ஜப்பானியக் கணக்கு. நம் கணக்கில் 1942. சண்டை ஓய்ந்தபிறகு இதை ஆஸ்திரேலிய செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்ப்பிக்க வேண்டும் என்று ஒரு வேண்டுகோள். அதற்கும் கீழே கடைசியாக ஒரு வரி: இந்தப் போர்வையை டிரை கிளீன் செய்வது நல்லது.

அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று. அதைத் தைத்தவள் அப்போது இருந்த இடம் சிங்கப்பூர்ச் சிறை. அறுநூறு கைதிகளுக்கென்று கட்டிய கட்டடத்தில் அதைப்போல் பல மடங்கு பேர். சோப்புக்கே வழியில்லை. நாளைக்கு என்ன கஞ்சி என்று தெரியாது, வீட்டுக்காரன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது. அவள் கவலைப்படுவது சாயம் இறங்குவதைப் பற்றி. யாரோ ஒரு புத்திசாலி இந்தப் போர்வையைக் கொண்டுபோய் வெந்நீரில் முக்கிவிட்டால், சிவப்புச் சாயம் கசிந்து அறுபத்தாறு பேர் வேலையும் பாழாகுமே என்ற கவலை. சலவைக்கடையும் அதற்கு ரசீதும் உள்ள ஓர் உலகம் திரும்ப வரும் என்று அவள் நம்பியிருக்கிறாள். நம்பிக்கை என்ற சொல்லை நாம் ஊதி ஊதிப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம். அது இவ்வளவு சின்ன அளவிலும் இருக்கும் போலிருக்கிறது.

*

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. சரணடைந்த சிப்பாய்கள் ஒரு பக்கம் போனார்கள். ஐரோப்பியக் குடிமக்களை ஆண்கள் தனி, பெண்களும் குழந்தைகளும் தனி என்று பிரித்தார்கள். பெண்களைச் சில வாரம் கடற்கரையோரம் காத்தோங் பகுதி வீடுகளில் வைத்திருந்துவிட்டு, மார்ச் 8ஆம் தேதி சாங்கி சிறைக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். ஏழெட்டு மைல். வெயில். குழந்தைகளையும் சேர்த்து நானூறு பேர் அளவில் இருந்தார்கள். பாடிக்கொண்டே உள்ளே போனார்கள் என்று பல நினைவுக்குறிப்புகளில் வருகிறது. மார்ச் 8 என்ற தேதி இன்றைக்கு நமக்கு வேறொன்றை நினைவூட்டும். அன்றைக்கு அவர்களில் யாருக்கும் அது தோன்றியிருக்காது.

சாங்கி சிறை 1936இல் திறந்தது. கட்டியது பிரிட்டிஷ் ஆட்சி. நோக்கம், அந்தத் தீவின் சீனர்களையும் மலாய்க்காரர்களையும் தமிழர்களையும் அடைப்பது. அதிகாரிகளின் மனைவிமார் காரில் போகும்போது அந்த மதிலைப் பார்த்திருப்பார்கள். உள்ளே எப்படி இருக்கும் என்று நினைத்துப்பார்க்க அவர்களுக்கு அவசியம் வந்திருக்காது. இதை எழுதும்போது எனக்குள் கொஞ்சம் குரூரமான திருப்தி எட்டிப்பார்க்கிறது. மறைப்பானேன்? வீட்டில் சமைக்க ஒருத்தி, பிள்ளையைத் தூக்க ஓர் ஆயா, துணிவெளுக்க ஒரு டோபி என்று வாழ்ந்தவர்கள் இப்போது ஒரே குழாய்க்கு வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் எல்லோரும் அப்படி வாழ்ந்தவர்கள் அல்ல. செவிலியர், டாக்டர்கள், பள்ளி ஆசிரியைகள், மிஷன்காரர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். பின்னால் யூதப் பெண்களையும் யூரேசியப் பெண்களையும் கொண்டுவந்தார்கள். கிடைக்கும் சோறு குறையக் குறைய இந்த வித்தியாசம் எல்லாம் மங்கிப்போகும். முழுக்க மறைந்துவிடாது.

அதே சிறையின் வேறு பகுதியில் அவர்களுடைய கணவன்மார் இருந்தார்கள். சிப்பாய்களாக இருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி, பழைய படைமுகாமில். நடந்து போகிற தூரம்தான். கடிதம் கிடையாது, பேச்சு கிடையாது. வீடு கடல்கடந்து ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தது. அந்தத் தூரத்தைச் சகித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. ஒரு சுவர் தூரத்தை எப்படிச் சகிப்பது?

எத்தல் மல்வனி என்ற கனடாக்காரி. ஒண்டாரியோ மாகாணத்தின் மனிடூலின் தீவில் பிறந்தவர். கணவர் ராணுவ மருத்துவர். இவர் பெண்கள் முகாமில் செஞ்சிலுவைப் பிரதிநிதி. நான் வாசித்தவரையில் ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத பிறவி. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அலுப்பாகக்கூட இருந்திருக்கும். போர்வை யோசனை அவருடையது. விருப்பமுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறங்குலச் சதுரத் துணி ஒன்று. கொஞ்சம் நூல். அதில் உன்னைப் பற்றி ஏதாவது தைத்துக் கொடு. சேர்த்து இணைத்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் காயம்பட்ட வீரர்களுக்கு அனுப்புவோம். பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியர்களுக்கு ஒன்று. ஜப்பானிய வீரர்களுக்கும் ஒன்று.

இந்த மூன்றாவது போர்வைதான் சாமர்த்தியம். முகாம் அதிகாரிக்குத் தட்ட முடியாத வேண்டுகோள் அது. எதிரியின் காயத்துக்கும் இரங்கும் பெண்கள், பொழுதுபோக்காகத் தைக்கிறார்கள், தைத்துவிட்டுப் போகட்டும். ஊசி வேலையைச் சந்தேகப்பட்ட காவலாளி உலகத்தில் யாரும் இல்லை. கையில் காகிதமும் பென்சிலும் இருந்தால் பிடுங்குவான். மடியில் துணி இருந்தால் தாண்டிப்போவான்.

*

ஆறங்குலம் என்பது ஒரு சாணுக்கும் குறைவு. அதற்குள் என்ன போடுவது? ரோஜா போட்டவர்கள் நிறைய. விட்டுவந்த வீடு, கப்பல், பிறந்த நாட்டின் தேசப்படம். சிறையறையையே படமாகத் தைத்தவர்களும் உண்டு. அசட்டுப் படங்களும் இருக்கின்றன, சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்துத் தலையணை உறையில் கிளியும் ரோஜாவும் போட்டு 'ஸ்வீட் டிரீம்ஸ்' என்று எழுதுவோமே, அந்தத் தரத்தில் சில. கலைவிமர்சகர் யாராவது இந்தப் போர்வைகளின் அழகியலைப் பற்றிப் பேசவந்தால் அவரை நான் நம்பமாட்டேன்.

ஆனால் பெரும்பாலான சதுரங்களில், பூவுக்குக் கீழே அல்லது ஓரமாக, தைத்தவள் தன் பெயரைப் போட்டிருக்கிறாள். காரியம் அதில்தான் இருக்கிறது. போர்வை ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே படுத்திருக்கும் எவனோ ஒருவன் போர்த்திக்கொள்ளும்போது வரிசையாகப் பெயர்களைப் படிப்பான். பக்கத்துக் கட்டில்காரனிடம் சொல்வான். அது நாலு பேர் காதில் விழுந்து, ஐந்தாவதாக ஒருவன், அட, இது என் மனைவி என்பான். உயிரோடு இருக்கிறாள். ஊசி பிடிக்க முடிகிறது, ஆகவே கையில் தெம்பிருக்கிறது. ரோஜா போட்டிருக்கிறாள், ஆகவே புத்தி கலங்கவில்லை. ஆறங்குலத்தில் இவ்வளவு சேதி போகும்.

எங்கள் வீட்டில் அம்மா நன்றாகத் தைப்பாள். அப்பாவின் கைக்குட்டை ஒவ்வொன்றிலும் மூலையில் அவருடைய பெயரின் முதலெழுத்து இருக்கும், நீலநூலில், சங்கிலித் தையலில். வாயால் ஒருநாளும் சொல்லாத பெயரைக் கையால் மட்டும் நூறு தடவை எழுதியிருக்கிறாள். தன் பெயரை எதிலும் போட்டதில்லை. ஏன் என்று நான் கேட்டபோது, "எனக்கெதுக்குடி, நான் வீட்லதானே இருக்கேன், தொலைஞ்சா போயிடப்போறேன்" என்றாள். தொலைந்துபோகிறவர்களுக்குத்தான் பெயர் எழுதவேண்டும் என்பது அவள் கணக்கு. சாங்கியின் பெண்கள் அந்தக் கணக்கின்படிதான் எழுதினார்கள்.

பெரியவர்கள் தைப்பதற்கு முன்னமே சிறுமிகள் தொடங்கிவிட்டார்கள் என்றும் ஒரு கதை இருக்கிறது. எலிசபெத் என்னிஸ் என்ற செவிலி. சிங்கப்பூர் விழுவதற்கு நான்கு நாள் முன்பு, பிப்ரவரி 11 அன்று, ராணுவ மருத்துவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டவர். நாலுநாள் இல்லறம், பிறகு ஆளுக்கொரு முகாம். உள்ளே இருந்த சிறுமிகளைச் சேர்த்து வாரம் ஒருமுறை சிறை முற்றத்தின் மூலையில் சாரணியர் குழு நடத்தினார். எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரை இருபது பேர் அளவில். அவருடைய பிறந்தநாளுக்குத் தெரியாமல் கொடுப்பதற்காக அந்தப் பெண்கள் அறுகோணத் துண்டுகளால் ஒரு போர்வை தைத்தார்கள். கந்தல்தான் மூலப்பொருள், யாருடைய பாவாடைக் கிழிசலோ, யாருடைய சட்டை ஓரமோ. பூக்களின் நடுவில் தங்கள் பெயர். அந்தப் போர்வை இப்போது லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழந்தைகளின் தையல், அங்கங்கே இழுபட்டிருக்கும். எங்கள் டீச்சரிடம் காட்டினால் பத்துக்கு நாலு போடுவார்.

*

பசியைப் பற்றிச் சொல்லவேண்டும். பசித்தவர்கள் எதைப் பேசுவார்கள் என்று ஏகாதசி இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். சாதாரண நாளில் நினைவுக்கே வராத அப்பளம் அன்றைக்குத்தான் வந்து எதிரே உட்காரும். சாங்கியில் எத்தல் மல்வனி பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பலகாரம் பேசவைத்தார். ஒருத்தி கேக் செய்கிற விதம் சொல்வாள்: இவ்வளவு வெண்ணெய், இத்தனை முட்டை, இன்ன பதம். இன்னொருத்தி குறுக்கிட்டு, அவ்வளவு சர்க்கரை போட்டால் திகட்டும் என்பாள். சண்டையே நடந்திருக்கும். வயிற்றில் அரைக் கிண்ணம் கஞ்சி. இந்தக் குறிப்புகளை ஒரு கணக்கேட்டில் எழுதிவைத்தார் மல்வனி. விடுதலைக்குப் பிறகு கனடா போய், உடம்பு தேறுவதற்கு முன்பே அதை அச்சிட்டார். 1946இல் வெளிவந்த அந்தச் சமையல் புத்தகம் விற்ற பணத்தில், இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் கிடந்த முன்னாள் போர்க்கைதிகளுக்குப் பொருள்கள் வாங்கி அனுப்பினார். பட்டினி கிடந்தவர்கள் எழுதிய சமையல் குறிப்பைப் படித்து டொரண்டோவில் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பை சுட்டிருப்பார்கள். நன்றாக வந்திருக்குமா?

பசியின் இன்னொரு பக்கம் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்த குழந்தை மருத்துவர். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் வேலைசெய்தபோது, பால்குடி மறந்த குழந்தைகளுக்கு வயிறு வீங்கிக் கால் வீங்கி வரும் ஊட்டக்குறை நோயை, அந்த ஊர்த் தாய்மார் சொன்ன பெயராலேயே மருத்துவ உலகுக்குச் சொன்னவர்: குவாஷியோர்கர். 1939இல் சிங்கப்பூரில், தாய்ப்பாலுக்குப் பதில் டின்பாலை விற்கிறவர்களைக் கொலைகாரர்கள் என்கிற அளவுக்குப் பேசினார். மூன்று வருஷத்தில் சாங்கிக்குள் வந்துசேர்ந்தார். சிறைக்குள் இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதுக்கும் தாய்ப்பால், இருபதும் பிழைத்தன என்று பிற்பாடு கணக்குச் சொன்னார். அந்த அம்மாக்கள் என்ன தின்று பால் கொடுத்தார்கள் என்று நினைத்தால் மனசு வலிக்கிறது. டாக்டர் சொன்ன கணக்கில் அது வராது.

சுமத்ராவில் வேறுவிதம். சிங்கப்பூரிலிருந்து தப்பிய கப்பல்களில் ஒன்று வைனர் புரூக். பிப்ரவரி 14 அன்று பாங்கா தீவுக்குப் பக்கத்தில் குண்டுபட்டு மூழ்கியது. அதில் 65 ஆஸ்திரேலியச் செவிலியர் இருந்தார்கள். 12 பேர் கடலோடு போனார்கள். கரையேறியவர்களில் 21 பேரைக் கடற்கரையில் சுட்டார்கள். 32 பேர் கைதிகள். அவர்களில் எட்டுப் பேர் முகாமிலேயே செத்தார்கள். வீடு திரும்பியவர்கள் 24. கூட்டிப்பாருங்கள், சரியாக வரும். இந்தச் சரியான கணக்கையே நான் பின்னால் ஒரு காரணத்துக்காக நினைவுபடுத்தப் போகிறேன்.

அந்த முகாம்களில் ஆங்கிலேயப் பெண்களும் டச்சுப் பெண்களும் சேர்ந்திருந்தார்கள். பாஷை ஒத்துவராது, பழக்கம் ஒத்துவராது, பூசல் ஓயாது. மார்கரெட் டிரைபர்க் என்ற மிஷன் ஆசிரியையும், நோரா சேம்பர்ஸ் என்ற வயலின்காரியும் ஒரு காரியம் செய்தார்கள். வாத்தியக்குழுவுக்கும் பியானோவுக்கும் எழுதிய ஐரோப்பிய இசையை, ஞாபகத்திலிருந்தே மீட்டு, பெண்குரல்களுக்கு நாலு பகுதியாகப் பிரித்து எழுதினார்கள். சொல் கிடையாது. வெறும் முனகலும் ஆகாரமும்தான். ஆகவே எந்த மொழிக்காரியும் பாடலாம். 1943 டிசம்பர் 27 அன்று முதல் கச்சேரி. முப்பது பெண்கள், கையில் தாள், முதலில் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் மெதுவான பகுதி ஒன்று. நம் ஆலாபனை தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு குறைவாக இருக்கலாம். சொல் இல்லாமல் பாடினால் சொல்லவேண்டியது இன்னும் அதிகம் வரும் என்று நமக்குத் தெரியும். அவர்களுக்கு அது புதுசு. ஒன்றரை வருஷத்தில் பாடியவர்களில் பாதிக்குமேல் செத்துப்போனதால் கச்சேரி நின்றது. டிரைபர்க் 1945 ஏப்ரலில் போனார். தாள்கள் பிழைத்தன.

*

இதுவரை சொன்னது முன்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1943 செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் வெடித்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து மீன்பிடிப் படகு ஒன்றில் வந்த சிறு படை வைத்த வெடி. ஜப்பானிய ராணுவக் காவல்துறையான கெம்பெய்தாய் அதைச் சாங்கி கைதிகளின் சதி என்று நினைத்தது. அக்டோபர் 10 அன்று சிறைக்குள் புகுந்து தேடத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக 57 பேரைக் கொண்டுபோனார்கள். 15 பேர் திரும்பவில்லை. கொண்டுபோனவர்களில் சிசிலி வில்லியம்ஸும், முகாமின் கையெழுத்துப் பத்திரிகையை நடத்திய அமெரிக்கப் பெண் ஃப்ரெடி புளூமும் இருந்தார்கள். ஸ்டாம்ஃபோர்டு சாலையில் வொய்.எம்.சி.ஏ. கட்டடம்தான் சித்திரவதைக்கூடம். ஆண்களோடு ஒரே கூண்டில், பகலெல்லாம் பேசாமல் குந்தியிருக்க வேண்டும், மாதக்கணக்கில். அதே கட்டடத்துக்கு எலிசபெத் சோயும் வந்தார். போர்னியோவில் பிறந்து சிங்கப்பூரில் ஆசிரியையாக இருந்தவர். ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிக்கடை வழியாகக் கைதிகளுக்குப் பொருள் கடத்திக்கொடுத்தவர். ஏறக்குறைய 200 நாள் அங்கே இருந்தார். கணவனை எதிரே மண்டியிடவைத்து இவருக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள்.

இது அக்டோபர் 10இல் தொடங்கியது. அதே மாதம் 22ஆம் தேதி, அங்கிருந்து பத்து நிமிட நடையில், வாட்டர்லூ தெருவில் இன்னொரு வாசல் திறந்தது. ஜப்பானியர் ஆதரவோடு பிரிட்டிஷாரை எதிர்க்கத் திரண்ட இந்தியப் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம். தலைவி சென்னையிலிருந்து வந்த டாக்டர் லட்சுமி. சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். பலருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் காலில் பூட்ஸ், கையில் துப்பாக்கி. பால்வெட்டுக் கத்தியும் கங்காணியின் ஏச்சும் தவிர ஒன்றும் அறியாதவர்களுக்கு அது விடுதலை. சந்தேகமே இல்லை. அந்த விடுதலைக்கு அனுமதி கொடுத்த கையும் வொய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் மின்கம்பியைப் பிடித்த கையும் ஒன்று என்பதிலும் சந்தேகம் இல்லை. தமிழில் இந்தப் படையைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பத்து நிமிட நடையை நடப்பதில்லை. ஆங்கிலத்தில் சாங்கி பற்றி எழுதுகிறவர்களும் எதிர்த்திசையில் நடந்துவருவதில்லை. 1945இல் பர்மாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்ட லட்சுமி, 1946 மார்ச்சில் இந்தியா வரும்வரை அவர்கள் காவலில் இருந்தார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அவரும் ஊருக்குத் தூரத்தில்தான் இருந்தார்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது இவர்கள் யாரும் அல்ல.

சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் போதவில்லை என்று மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் எடுத்தார்கள். நல்ல கூலி, அரிசி, கொஞ்சநாள் வேலை, குடும்பத்தோடும் வரலாம் என்று ஆசைகாட்டியது முதலில். பிறகு சினிமா காட்டுகிறோம் என்று கூட்டி ரயிலில் ஏற்றியதும், சாலையில் போனவனைப் பிடித்ததும் நடந்தன. பல பத்தாயிரம் தமிழர்கள் போனார்கள். அதில் பெண்கள் இருந்தார்கள், கைக்குழந்தைகள் இருந்தன. காட்டு முகாமில் மழை, சீதபேதி, 1943இல் காலரா. டாக்டர் கிடையாது. போர்க்கைதிகளுக்குள்ளேயாவது டாக்டர்கள் இருந்தார்கள். தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர்களுக்கு யார்?

அவர்களைக் கைதி என்று எந்த ஏடும் எழுதவில்லை. கூலி என்றே எழுதின. அவர்களைச் சுற்றி முள்வேலியும் இருந்திருக்காது. காடே போதும். திரும்பிப்போகும் வழி தெரியாது, பாஷை தெரியாது, போனால் சோறு கிடையாது. பூட்டு இல்லாத சிறையைச் சிறை என்று சொல்லலாமா என்று சட்டம் தெரிந்தவர்கள் விவாதிக்கட்டும். புருஷன் காலராவில் போனபிறகு ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த முகாமில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த விவாதம் உதவியிருக்காது.

மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார். இன்னும் சிலரும் எழுதியிருக்கிறார்கள். இல்லையென்றால் நமக்கு இவ்வளவும் தெரிந்திருக்காது. சயாமில், காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் 6,982 போர்க்கைதிகளின் கல்லறைகள் இருக்கின்றன. வரிசை வரிசையாகப் பலகைகள், பெயர், படைப்பிரிவு, வயது. புல்லைக் கத்தரித்துப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். வைனர் புரூக் செவிலியரின் கணக்கு ஓர் ஆள் பிசகாமல் கூடுகிறது என்றேன். சயாமுக்குப் போன தமிழ்ப் பெண்களின் கணக்கைக் கூட்டிப்பார்க்க எண்களே இல்லை. அதே காஞ்சனபுரியில் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் நாட்டியது 2023இல். எண்பது வருஷம் கழித்து.

சாங்கியின் பெண்கள்மேல் எனக்கு இதில் கோபம் இல்லை. அவர்கள் பட்டது பட்டதுதான். பின்னால் அவர்களைத் தேட ஓர் அரசாங்கம் இருந்தது, போர்வையை வாங்கிவைக்க ஒரு செஞ்சிலுவை இருந்தது, கண்ணாடிப்பெட்டிக்குள் வைக்க அருங்காட்சியகம் இருந்தது. பிரிட்டிஷாருக்குத் தைத்த போர்வை லண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்திடமே இருக்கிறது. ஜப்பானியருக்குத் தைத்ததும் ஆஸ்திரேலியருக்குத் தைத்ததும் ஒரே கட்டடத்தில், கன்பெராவில். நம்மவளிடம் துணியே இல்லை. கட்டியிருந்ததும் சாக்கு. அவளுக்கு எழுதத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தன் பெயரை எங்கேயும் எழுதிவைக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். தொலைந்துபோகிறவர்களுக்குத்தானே பெயர் எழுதவேண்டும், அம்மா? அவள் தொலைந்தே போனாள்.

மலேசியாவில் இதை வாசிக்கிறவர்கள் இருப்பீர்கள். மலாயாவுக்குக் கப்பலேறிய குடும்பங்கள் நாகப்பட்டினத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் இன்னும் இருக்கின்றன. எங்கள் பெரியாத்தா சயாமுக்குப் போனாள் என்று பேச்சுவாக்கில் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். தெரிந்ததை எழுதிவையுங்கள். பெயர், எந்தத் தோட்டம், யாரோடு போனாள், திரும்பி வந்தாளா. அவ்வளவு போதும்.